இரவில் மணி காட்டும் கார்த்திகை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மார்கழிப் பட்டத்தில் இறவை மணிலா பயிரிடுவோர் இரவில் கொல்லையில் தங்க நேர்வதுண்டு. பம்புசெட்டுக்கு மின்சாரம் இரவில் வந்தால் அப்போதே நீர் பாய்ச்ச வேண்டும். காய் பிடித்த பின் காட்டுப் பன்றிக்குக் காவலும் இருக்க வேண்டும். இவர்களுக்கு வானத்தில் ஒரு கடிகாரம் உண்டு. அதுவே ரிஷப ராசி.

அடையாளம்

டிசம்பர் மாத முன்னிரவில் கிழக்கே ஒரே வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அந்த வரிசையை மேல்நோக்கி நீட்டினால் செந்நிற ரோகிணியைக் காணலாம். இது காளையின் கண். அருகே சிறு மீன்கள் கவைக்கோல் போல அமைந்திருக்கும். இன்னும் மேலே சிறு கொத்தாக இருப்பது கார்த்திகை. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு அதில் ஆறு மீன்கள் தெரியும்.

மணிக் கணக்கு

எந்த விண்மீனும் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். மாதத்துக்கு இது 2 மணி நேரம் ஆகிறது. கார்த்திகை, உச்சிக்குச் சற்று வடக்கே, நவம்பர் 20-இல் இரவு 12 மணிக்கும், டிசம்பர் 20-இல் 10 மணிக்கும், ஜனவரி 20-இல் 8 மணிக்கும் நிற்கும். அங்கிருந்து மேற்கே மறைய 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆகவே டிசம்பர் 20-இல் கார்த்திகை அடிவானத்தை நெருங்கினால் விடியற்காலை 4 மணி என்று கொள்ளலாம்.

காட்டாதது

கார்த்திகை காலத்தைக் காட்டும், மழையைக் காட்டாது. ஆண்டுதோறும் அதே நாளில் அதே இடத்தில்தான் அது நிற்கிறது. ஆனால் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. எல்லா ஆண்டும் அப்படிப் பெய்வதில்லை.

அக்கினி நட்சத்திர வெயிலும் இவ்வாறே. மே மாதத்தில் சூரியன் கார்த்திகையை ஒட்டிச் செல்கிறது. ஆயினும் வெப்பத்துக்குக் காரணம் சூரியன் தலைக்கு மேல் நிற்பதே. 400 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள விண்மீன்கள் அல்ல.

ஆகவே மணி அறியக் கார்த்திகையைப் பார்க்கலாம். விதைப்புக்கு மண்ணின் ஈரத்தையும் வானிலை அறிவிப்பையும் பார்க்க வேண்டும். அறுவடைக்கும் நாள் கணக்கு மட்டும் போதாது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 7 போன்ற ரகங்கள் சுமார் 105 நாளில் முற்றும். எனினும் சில செடிகளைப் பிடுங்கி, காய் ஓட்டின் உட்புறம் கருத்திருப்பதைப் பார்த்த பிறகே அறுவடையைத் தொடங்குவது நல்லது.