குட்டி ஃபுட்பால் வீரர்களுக்குப் பயிற்சி தருகிறீர்களா?

1. பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே பந்தைக் கொடுத்தால், தன் முறை வருவதற்குள் கடைசியில் நிற்பவன் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடுவான். ஆளுக்கொரு பந்து கொடுங்கள். முடியாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

2. எட்டு வயதுக்குள் 3-ஆம் நம்பர் பந்து, 8 முதல் 12 வரை 4-ஆம் நம்பர், அதற்கு மேல் 5. பெரிய பந்தை உதைத்துக் கால் வலித்த பிள்ளை அடுத்த வாரம் வராது.

3. பதினோரு பேர் ஆட்டம் இப்போது வேண்டாம். நான்குக்கு நான்கு ஆடட்டும். இரண்டு செருப்பை வைத்தால் கோல் போஸ்ட். ஆள் குறைந்தால் பந்து எல்லார் காலுக்கும் வரும்.

4. இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஒவ்வொருவராக ஆள் எடுக்க விடாதீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், அதை மறுபடி செய்ய மனசு வராது. நம் ஊர் விளையாட்டுகளில் உத்தி பிரிப்போமே, அதுவே சரியான வழி. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இரண்டு பேர் ஜோடியாகத் தள்ளிப் போய், 'புலி', 'சிங்கம்' என்று ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். கேப்டன் பெயரைத்தான் கேட்பார்; ஆள் யாரென்று தெரியாது. அணிகளும் சமமாக அமையும்.

5. நன்றாக ஆடும் பிள்ளை பந்தை விடுவதே இல்லையா? திட்ட வேண்டாம். 'இன்னைக்கு இதுவரை கோல் போடாதவங்க போட்டா ரெண்டு கோல்' என்று விதி வையுங்கள். அந்தப் பிள்ளையே ஓரத்தில் நிற்பவரைத் தேடிப் பிடித்து பாஸ் கொடுக்கும்.

6. கோல்கீப்பராக எல்லாரும் முறை வைத்து நிற்க வேண்டும். குண்டாக இருப்பவனை அங்கேயே நிறுத்திவைப்பது அநியாயம்.

7. தாமதமாக வந்தாலோ தோற்றாலோ மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்துங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓடுவதே பிடிக்காமல் போய்விடும்.

8. வெறும் 'சூப்பர்' போதாது. 'பந்து போனதும் திரும்பி ஓடிவந்து பறிச்சியே, அது நல்லா இருந்தது' என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். கோல் போட்டவருக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. பாஸ் கொடுத்தவருக்கு நீங்கள்தான்.

9. வெயில் தாழ்ந்த பிறகே தொடங்குங்கள். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். சின்னவர்களுக்கு ஒரு மணி நேரம் தாராளம். அதில் பாதியாவது ஆட்டமாக இருக்கட்டும்.