பிறந்த ஆற்றின் முகவரி

நுழையும்முன்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் அதே ஆற்றுக்குத் திரும்பும் மீன் சால்மன். நடுக்கடலில் பிடிபடும் ஒரு சால்மன் எந்த ஆற்றின் பிள்ளை என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது. ஆனால் அதை அறிவதைப் பொறுத்தே பல்லாயிரம் மீனவர்களின் பிழைப்பும் சில ஆறுகளின் எதிர்காலமும் அமைகின்றன. அந்தத் தேடலை இப்பாடம் விளக்குகிறது.

ஓரிகன் கரையில்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில் யாக்கினா விரிகுடாவை ஒட்டி நியூபோர்ட் என்னும் மீன்பிடித் துறைமுகம் உள்ளது. பருவம் தொடங்கினால் விடியும் முன்பே சால்மன் படகுகள் அங்கிருந்து புறப்படும். கடலை அடைந்ததும் படகின் இருபுறமும் நீண்ட கம்பங்கள் விரிக்கப்படும். ஈயக்குண்டு கட்டிய எஃகு வடங்கள் நீருக்குள் இறங்கும். ஒவ்வொரு வடத்திலும் இடைவெளி விட்டுத் தூண்டில்கள் தொங்கும். இங்கே வலைக்கு வேலையில்லை. மனிதன் நடக்கும் வேகத்தில் படகு தூண்டில்களை இழுத்துச் செல்ல, மீனவர்கள் கம்பத்தின் நுனியையே பார்த்திருப்பர். நுனி துடித்தால் மீன் சிக்கிவிட்டது என்று பொருள்.

அவர்கள் நாடுவது சினூக் என்னும் இனம். பசிபிக் சால்மன்களுள் இதுவே மிகப் பெரியது. (நம் சந்தைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீனுக்கும் இதற்கும் உறவேதும் இல்லை. பெயர் மட்டுமே ஒன்று.) அடுத்தடுத்துப் பிடிபட்ட இரு சினூக் மீன்களை ஒரே பலகையில் கிடத்தினால் நிறம், புள்ளி, செதில் அனைத்தும் ஒத்திருக்கும். எனினும், ஒன்று கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றிலும் மற்றொன்று பல நூறு கிலோமீட்டர் வடக்கே கொலம்பியா ஆற்றிலும் பிறந்திருக்கலாம். கடல் எல்லா ஆற்றுப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறது.

இந்தக் கலப்பு 2006ஆம் ஆண்டில் பெருந்துயராக மாறியது. ஓரிகனின் தென்பகுதியில் தோன்றிக் கலிபோர்னியா வழியே கடலில் கலக்கும் கிளாமத் ஆற்றில், 2002 செப்டம்பரில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் மடிந்து மிதந்தன. நீர் குறைந்து, வெப்பம் மிகுந்து, நெருக்கடியில் நோய் பரவியதே காரணம். பின்வந்த ஆண்டுகளில் குஞ்சுகளையும் ஒட்டுண்ணி நோய் தாக்கியது. அந்த ஆற்றில் இயல்பாக முட்டையிட வரவேண்டிய மீன்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை 35 ஆயிரம் என விதி வகுக்கப்பட்டிருந்தது. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக அந்த அளவு எட்டப்படாது என்று கணிக்கப்பட்டதும், ஏறத்தாழ 700 மைல் நீளக் கரையில் வணிக மீன்பிடிப்பு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பிற ஆறுகளின் மீன்கள் கடலில் இருந்தும் படகுகள் துறைமுகத்திலேயே நின்றன. நலிந்த ஓர் ஆற்றைக் காக்க, கரை முழுவதையும் மூட வேண்டியிருந்தது. எந்த மீன் எந்த ஆற்றுடையது என்று கடலில் பிரித்தறியும் வழி அன்றைய நடைமுறையில் இல்லை.

மறுபக்கமும் எண்ணத்தக்கது. கிளாமத்தின் கரையில் யூரோக், ஹூப்பா முதலிய பழங்குடிகள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அந்த ஆற்றில் பிடிக்கத்தக்க சால்மன்களில் பாதி அவர்களுக்கு உரியது. கடலில் கணக்கின்றிப் பிடிபடும் ஒவ்வொரு கிளாமத் மீனும் அவர்கள் பங்கிலிருந்து குறைவதாகும்.

மணத்தின் வழியே

கரை மீனவர்கள் விடை காண முயன்ற அந்தக் கேள்விக்கு, மீன் தனக்கான விடையை எப்போதோ கண்டுவிட்டது. அதற்கு மூக்கு துணைநின்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஹாஸ்லர், 1940களில் யூட்டா மாநிலத்தின் மலையொன்றில் ஏறிக்கொண்டிருந்தார். மறைவிலிருந்த அருவியின் பக்கமிருந்து வீசிய காற்றில் பாசியும் காட்டுப்பூவும் மணந்தன. மறந்துபோன இளமை நினைவுகள் அவருக்குச் சட்டெனத் திரும்பின. மனிதனுக்கே இப்படியென்றால் மீனுக்கு ஏன் இருத்தலாகாது என்று அவர் எண்ணினார். ஒவ்வோர் ஓடையின் மண்ணும் செடியும் அதன் நீருக்குத் தனி மணம் தருகின்றன. குஞ்சுப் பருவத்தில் பதிந்த அம்மணத்தைத் தேடியே சால்மன் திரும்புகிறது என்னும் கருத்தை, மாணவர் வாரன் விஸ்பியுடன் 1951இல் வெளியிட்டார்.

சோதனை மிக எளியது. வாஷிங்டன் மாநிலத்தில் இசக்வா ஓடை இரண்டாகப் பிரிகிறது. இரு கிளைகளுக்கும் திரும்பி வந்த கோஹோ என்னும் வகைச் சால்மன்களைப் பிடித்து, கிளை பிரியும் இடத்திற்குக் கீழே மீண்டும் விட்டனர். சில மீன்களின் மூக்குத் துளைகளைப் பஞ்சால் அடைத்தனர். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தத்தம் கிளைக்கே சென்றன. மூக்கு அடைபட்டவை வழி தெரியாமல் இரண்டிலும் சிதறின.

உடலே ஆவணம்

மீனுக்குத் தெரிந்ததை மனிதன் அறிய வேறு வழிகள் தேவைப்பட்டன. 1960களில் உருவான முறை, பண்ணைகளில் வளர்க்கும் குஞ்சின் மூக்குப் பகுதியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பித்துண்டைச் செலுத்துவதாகும். அதில் பண்ணையின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அடையாளமாக முதுகின் பின்புறமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்படும். இம்முறை நம்பகமானது, ஆயினும் கம்பியை எடுக்க மீனின் தலையை அறுத்தாக வேண்டும். மேலும், ஆற்றில் தானாகப் பிறந்த மீன்களுள் மிகச் சிலவற்றுக்கே கம்பி உண்டு.

செதிலில் மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற கோடுகள் இருப்பதால் அதிலிருந்து மீனின் வயதை அறியலாம். உட்காதிலுள்ள சிறு சுண்ணாம்புக் கல் இன்னும் நுட்பமானது. அதில் நாள்தோறும் ஒரு படலம் படிகிறது. ஆறு கடந்துவரும் பாறைக்கேற்ப நீரில் ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறும். அவ்விகிதம் கல்லில் பதிந்துவிடும். கல்லின் நடுப்பகுதியை ஆய்ந்தால், குஞ்சு எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்பது புலப்படும்.

இவையனைத்தினும் விரைவான சான்று மரபணு. தலைமுறை தலைமுறையாக ஒரே ஆற்றுக்குத் திரும்புவதால் ஒவ்வோர் ஆற்று மீன்கூட்டமும் மெல்ல மெல்லத் தனித்த மரபுச் சாயலைப் பெறுகிறது. அமெரிக்க, கனடிய ஆய்வகங்கள் இணைந்து, டி.என்.ஏ.வில் 13 இடங்களைத் தேர்ந்து, கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரையிலான சினூக் கூட்டங்களுக்கு ஒரு பொதுப் பதிவேட்டை உருவாக்கின. 2006இல் தொழில் முடங்கிய ஓரிகன் மீனவர்கள், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிவியலாளர்களுடன் கைகோத்தனர். பிடித்த மீனின் துடுப்பில் நகக்கண் அளவு துண்டை நறுக்கி, எண்ணிட்ட உறையில் இட்டனர். சில செதில்களையும் சேர்த்தனர். பிடித்த இடம், ஆழம், நேரம் ஆகியவற்றைப் பதிந்தனர். கடலில் தாம் கண்டவை ஏட்டில் ஏறாத குறை மீனவர்களுக்கு நெடுநாளாக இருந்தது. இங்கே ஆய்வுத் தரவைத் திரட்டியவர்கள் அவர்களே. உறை ஆய்வகத்தை அடைந்த ஓரிரு நாள்களில் மீனின் பிறப்பாற்றைக் கணிக்க முடியும் என்பதும் இவ்வகையில் நிறுவப்பட்டது. கிளாமத் மீன்கள் கடல் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை, இடத்துக்கு இடம் அவற்றின் பங்கு மாறியது என்பதும் தெளிந்தது.

இதனைக் கொண்டு மீன்பிடிப்பை நாள்தோறும் திசைதிருப்பிவிடலாம் என்பது சற்று மிகையான நம்பிக்கை. உறையின் விடை, நேற்றுப் பிடித்த மீனைப் பற்றியது. கிளாமத் மீன்கள் நாளை எங்கே திரியும் என்பதை அது உறுதியாகச் சொல்லாது. அதைவிடப் பெரிய தடை 2008இல் வந்தது. இம்முறை சரிந்தது சாக்ரமெண்டோ ஆற்றின் மீன்வளம். கலிபோர்னியா முழுவதும், ஓரிகனின் பெரும்பகுதியிலும் சால்மன் பிடிப்பு நிறுத்தப்பட்டது. மீனின் ஊரைக் கண்டறிவது ஒரு பணி. அந்த ஊரில் நீர் ஓடச் செய்வது வேறொரு பணி.

திறந்த ஆறு

கிளாமத்தில் அந்த இரண்டாம் பணி நெடுங்காலம் நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் மின்னாக்கத்துக்காகக் கட்டப்பட்ட அணைகள் மேலாற்றை மீன்களுக்கு அடைத்திருந்தன. பழங்குடிகளின் இடைவிடாத போராட்டத்துக்குப் பின்னர், 2023, 2024ஆம் ஆண்டுகளில் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. 2024 அக்டோபரில், ஓரிகனிலுள்ள ஸ்பென்சர் ஓடை அருகே சினூக் சால்மன்கள் காணப்பட்டன. அப்பகுதியில் 1912க்குப் பின்னர் அவை தென்பட்டது அதுவே முதன்முறை.

அவற்றுள் எந்த மீனும் அந்த மேல்நீரில் பிறந்திருக்க இயலாது. அதன் மணம் எதன் மூக்கிலும் பதிந்திருக்கவும் இயலாது. திரும்பி வரும் சால்மன்களில் எப்போதும் ஒரு சிறு பகுதி, பிறந்த இடத்தில் நில்லாது புது நீரை நாடிச் செல்லும். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் விலகியபோது வடக்கே புதிதாகத் தோன்றிய ஆறுகளில் சால்மன்கள் குடியேறியதும் இவ்வாறே. ஸ்பென்சர் ஓடைப் பகுதியில் அவை இடும் முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் கடலுக்குச் சென்று வளர்ந்து திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். அப்போது திரும்புபவை, அந்த நீரின் மணத்தை அறிந்தவையாக இருக்கும்.