ஆர்ஐஆர்எஸ் தியேட்டரில் பெயர் எடுக்க ஒரு வழி

யூராலஜியில் லேசர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்ஐஆர்எஸ்ஸில், அதாவது யூரெட்டர் (சிறுநீர்க்குழாய்) வழியே ஸ்கோப்பை ஏற்றிச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் ஆபரேஷனில், உங்கள் பேட்ச்மேட் எல்லாரும் கல்லை உடைப்பார்கள். கன்சல்டன்ட் இன்டர்வியூவில் எல்லார் லாக்புக்கும் ஒரே கனத்தில்தான் இருக்கும். தனித்துத் தெரிய வேண்டுமா? பலர் கண்டுகொள்ளாத ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்: ஸ்கோப் உள்ளே இருக்கும்போது சிறுநீரகத்துக்குள் ஏறுகிற அழுத்தம்.

1. எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். சாதாரணமாக ரீனல் பெல்விஸ் அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்துக்குள் அடங்கும். 30, 35 என்று ஏறினால், ஸ்கோப் வழியே உள்ளே ஓடும் சலைன் பின்னோக்கிப் பாய்ந்து ரத்தநாளங்களுக்குள் புகத் தொடங்கும். சிறுநீரில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். கேஸ் அருமையாக முடிந்த பேஷன்ட் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலில் படுப்பதற்கு இது முக்கியமான காரணம். அந்த நேரத்தில் வார்டிலிருந்து போன் சீஃபுக்கா வரும்? உங்களுக்குத்தான்.

2. சலைனை உள்ளே தள்ளும் பம்ப் உங்கள் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சலைன் பையை சிறுநீரக மட்டத்திலிருந்து 80 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால், அது கொடுக்கக்கூடிய உச்ச அழுத்தம் ஏறக்குறைய 59 மி.மீ. பாதரசம். கையால் பம்ப் அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். 300ஐத் தாண்டிய நொடிகளையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். "அடிப்பா, ஒண்ணும் தெரியல" என்று சர்ஜன் கத்தும்போது பதறாதீர்கள். சின்னச் சின்னதாக அடியுங்கள். படம் தெளிந்ததும் கையை எடுங்கள். அனுபவசாலி சர்ஜன் இரண்டே கேஸில் இதைக் கவனித்துவிடுவார். அடுத்த லிஸ்டில் உங்கள் பெயரைக் கேட்டு வாங்குவார்.

3. அடுத்த ஜர்னல் கிளப்புக்கு ஐசோப்ரினலினை எடுங்கள். இதயத் துடிப்பு அபாயமாகக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். யூரெட்டர் தசையில் பீட்டா ரிசெப்டர்கள் இருக்கின்றன. அவற்றைத் தூண்டினால் தசை தளரும், உள்ளே அழுத்தம் இறங்கும். டென்மார்க்கில் ஹெலன் யுங், பாலே ஓஸ்தர் குழுவினர் இதை முதலில் பன்றிகளிடம் சோதித்தார்கள். பிறகு மனிதர்களிடம் ராண்டமைஸ்டு ஆய்வு நடத்தி, 2008இல் 'யூரோப்பியன் யூராலஜி' இதழில் வெளியிட்டார்கள். சாமர்த்தியம் எங்கே என்றால், மருந்தை நரம்பில் ஏற்றவில்லை. இர்ரிகேஷன் சலைனிலேயே மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் கலந்தார்கள். லிட்டருக்கு வெறும் 100 மைக்ரோகிராம். வெறும் சலைன் ஓடிய குரூப்பைவிட அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் பிபியும் ஆட்டம் காணவில்லை.

இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் பாதி மார்க்தான். "இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா தியேட்டரிலும் இல்லை?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு புரொஃபசர் கேட்பார், நிச்சயம் கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஆய்வில் சேர்ந்த பேஷன்ட்கள் கொஞ்சம் பேர். அழுத்தம் குறைவது ஒன்று, செப்சிஸ் குறைவது இன்னொன்று. இரண்டாவதை நிரூபிக்கப் பெரிய ஆய்வு வேண்டும். போதாததற்கு, போட்டிக்கு அக்சஸ் ஷீத், சக்‌ஷன் ஷீத், நுனியிலேயே பிரஷர் காட்டுகிற ஸ்கோப் எல்லாம் வந்துவிட்டன. கருவி விற்கிறவர்களுக்கு ரெப் உண்டு. பழைய, மலிவான மருந்துக்காக வாதாட யார் வருவார்கள்? (இந்த வரியை மேடையில் சொல்லலாம், ஸ்பான்சர் முன் வரிசையில் இல்லாவிட்டால்.)

4. படித்த வேகத்தில் சலைனில் கலந்துவிடாதீர்கள். இது ஆஃப் லேபிள். சீஃப், அனஸ்தட்டிஸ்ட், எத்திக்ஸ் கமிட்டி மூன்று பேரும் தலையசைக்காமல் ஆம்பியூலைத் தொடக் கூடாது. அனுமதி வாங்கி முறையாக ஆய்வு செய்தால் அது உங்கள் தீசிஸ். வாங்காமல் செய்தால் என்கொயரி.

5. மாத்திரை விஷயத்தில் ஓபிடியிலேயே ஸ்கோர் பண்ணலாம். ஆபரேஷனுக்கு முன் சில நாள் டாம்சுலோசினோ சிலோடோசினோ கொடுத்தால் யூரெட்டர் தளர்ந்து ஷீத் சிரமமில்லாமல் ஏறுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஷீத் ஏறினால் திரவம் வெளியேற வழி கிடைக்கும், அழுத்தமும் கட்டுக்குள் நிற்கும். சீஃபிடம் ஐடியா சொல்லும்போதே பக்கவிளைவையும் சொல்லுங்கள்: பிபி இறங்கித் தலைசுற்றலாம், ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் மாற்றம் வரலாம், சீக்கிரத்தில் கண்புரை ஆபரேஷன் இருந்தால் கண் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசிப் பாயின்டில் மட்டும் நாலு பேரை முந்திவிடலாம்.

6. தியேட்டர் நர்ஸ், டெக்னீஷியன்களுக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. பையின் உயரம், உள்ளே போன சலைன், வெளியே வந்த சலைன், ஆன நேரம் என நான்கையும் சத்தமாகச் சொல்லப் பழகுங்கள். அப்படிச் சொல்கிறவரை எந்த சர்ஜனும் வேறு தியேட்டருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

7. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இல்லாமல் கேஸை லிஸ்டில் போடாதீர்கள். கிருமியோடு உள்ளே போனால் எந்த மருந்தும் உங்கள் பெயரைக் காப்பாற்றாது.