அழைத்தவர் காதில் என்ன விழுந்தது?

கேள்வி: காவலூரில் குடியிருக்கிறோம். நான் யாருக்காவது போட்டால் லைன் போகிறது. எனக்கு யாராவது போட்டால்தான் வருவதில்லை. ஓ.டி.பி.யும் நேரத்துக்கு வராது; ஆலங்காயம் இறங்கியதும் எல்லா எஸ்.எம்.எஸ்.ஸும் மொத்தமாக வந்து விழும். போனில் இரண்டு குச்சி காட்டுகிறது. கடைக்காரர் செட்டையே மாற்றச் சொல்கிறார். இங்கே வானாய்வகம் இருப்பதால் சிக்னலைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகர், காவலூர்

பதில்: செட்டை மாற்ற அவசரப்படாதீர்கள். அதைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டிய ஆள் வேறு. உங்களுக்குப் போன் போட்டுக் கிடைக்காமல் விட்டவர். வந்து சேராத அழைப்பைப் பற்றி உங்கள் போனுக்கு ஒன்றும் தெரியாது, அதில் மிஸ்டு கால்கூடப் பதிவாகாது. அழைத்தவர் காதிலோ ஏதாவது ஒன்று விழுந்திருக்கும். ரிங் போனதா, எடுத்த எடுப்பில் துண்டித்ததா, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றதா, ‘சுவிட்ச் ஆஃப்’ என்றதா, உள்வரும் அழைப்புச் சேவை நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னதா? பழுது உங்கள் கையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா, கம்பெனியின் கணக்கில் இருக்கிறதா என்பதை அந்தப் பதில் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

வெளியே போகும் அழைப்பும் உள்ளே வரும் அழைப்பும் ஒரே வேலையின் இரண்டு திசைகள் அல்ல. நீங்கள் பேச நினைக்கும்போது சிக்னல் கிடைக்கிற வாசல் பக்கமாக வந்து நிற்கிறீர்கள், போனும் தானாக டவரைத் தேடிப் பிடிக்கிறது. வரும் அழைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் போன் கடைசியாக எந்த வட்டாரத்தில் தலைகாட்டியது என்று கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும். அந்த வட்டாரத்து டவர்கள் சில நொடிகள் அதைக் கூப்பிடும். அந்த நொடியில் போன் சமையலறை அலமாரியில் கிடந்தாலும் சரி, சரிவுக்கு மறுபக்கத்துக் கொல்லையில் உங்கள் சட்டைப் பையில் இருந்தாலும் சரி, அங்கிருந்தே பதில் கொடுத்தாக வேண்டும். பதில் எட்டாவிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. மணிக்கணக்கில் போனிடமிருந்து சத்தமே இல்லையென்றால் பதிவேடு அதை அணைந்துபோன போன்களோடு சேர்த்துவிடும். பிறகு அழைப்பவருக்கு ‘சுவிட்ச் ஆஃப்’ என்றே கேட்கக்கூடும். “எதுக்கு ஆஃப் பண்ணி வெச்சே?” என்று சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அவர்கள் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை.

இரண்டு குச்சி இருக்கிறதே என்பீர்கள். டவர் சொல்வது போனுக்குக் கேட்கிறது என்பதற்குத்தான் அந்தக் குச்சி அத்தாட்சி. போன் சொல்வது டவருக்குக் கேட்கிறது என்பதற்கு அல்ல. டவர் பல வாட் திறனில் பேசுகிறது. 4ஜி போனின் உச்சத் திறன் சாதாரணமாக 0.2 வாட். சமவெளியில் டவர் பக்கத்தில் இருக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. சுமார் 725 மீட்டர் உயரத்தில், ஜவ்வாது மலையின் முகடுகளுக்கு நடுவே, தூரத்து டவரை நம்பியிருக்கும் வீட்டில் நன்றாகவே தெரியும். தவிர, எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை குச்சி என்பதைச் செட் தயாரிப்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்து பாருங்கள். சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் -90ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. -115 பக்கம் போனால் குச்சி எத்தனை காட்டினாலும் நம்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே இதைவிட வலுவான சாட்சி இருக்கிறது. எஸ்.எம்.எஸ். நேராக உங்களிடம் வருவதில்லை. கம்பெனியின் செய்தி மையத்தில் தங்கி, போன் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயல்கிறது. ஆலங்காயத்தில் மொத்தமாக வந்து விழுகிறதென்றால் சிம் உயிரோடு இருக்கிறது, செட் வாங்கிக்கொள்கிறது, வீட்டில்தான் வழி இல்லை. செட் கெட்டிருந்தால் மலை இறங்கியதும் அது குணமாகாது. செய்தி காத்திருந்தாலும் ஓ.டி.பி.யின் ஆயுள் காத்திருப்பதில்லை என்பதுதான் கஷ்டம்; ஆதார் ஓ.டி.பி.க்கு ஆயுள் 10 நிமிடம்.

“பக்கத்து வீட்டுப் போன் நன்றாக வேலை செய்கிறதே” என்பது நியாயமான மறுப்பு. அவருடைய சிம் வேறு கம்பெனியாக இருந்தால் டவரும் வேறு, அலைவரிசையும் வேறாக இருக்கலாம். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் மேடும் மரமும் தாண்டிச் சமாளிக்கிற அளவுக்கு 2300 மெகாஹெர்ட்ஸ் அலை சமாளிக்காது. ஒரே கம்பெனி என்றால், ஒரே இடத்தில் நின்று அவர் சிம்மை உங்கள் செட்டிலும் உங்கள் சிம்மை அவர் செட்டிலும் போட்டுப் பாருங்கள். பழுது சிம்மோடு போகிறதா, செட்டோடு நிற்கிறதா என்பது காசில்லாமல் தெரிந்துவிடும். செட்டோடு நின்றால் கடைக்காரர் சொன்னது சரி. வாட்ஸ்அப் கால் வருகிறது, சாதாரணக் கால் மட்டும் வரவில்லை என்றால் அது தனி வழக்கு. அங்கே இணையம் இருக்கிறது, 4ஜி வழியே குரலைக் கொண்டுவரும் வோஎல்டிஇ அணைந்திருக்கலாம். 2016இல் வந்த ஜியோவுக்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது. அதில் வோஎல்டிஇ இல்லையேல் சாதாரணக் காலும் இல்லை.

வானாய்வகத்தின் மேல் பழி போடுவதற்கு ஆதாரம் இல்லை. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்த மலையில் 1968இல் தொடங்கி, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆய்வகம் விண்மீன்களின் ஒளியைப் பார்க்கிறது. அதற்குப் பகை தெருவிளக்கும் ஃபோகஸ் லைட்டும்தான். அலைபேசிச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டியது வானொலித் தொலைநோக்கி. 1970 முதல் ஊட்டியில் இயங்கும் 530 மீட்டர் நீளமுள்ளது அந்த இனம். இரண்டையும் குழப்பிக்கொண்டதில் பிறந்த பேச்சாக இது இருக்கலாம்.

அழைத்தவர் வேறு விடை சொன்னால் தேட வேண்டிய இடமும் வேறு. அவருக்கு முழுதாக ரிங் போய் உங்களிடம் மணி அடிக்கவில்லையென்றால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டிருக்கிறதா பாருங்கள். அல்லது அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். இதை லேசாக விட வேண்டாம். கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை அமுக்குங்கள் என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணைப் போடவைத்து, வங்கியிலிருந்து குரலில் வரும் ஓ.டி.பி.யைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. *#21# போட்டால் திருப்பம் இருக்கிறதா என்று தெரியும், ##002# எல்லாத் திருப்பத்தையும் நீக்கும். ஒருவருக்கு மட்டும் உடனே துண்டித்தால் பிளாக் பட்டியலைப் பாருங்கள். சேவை நிறுத்தம் என்றால் ரீசார்ஜ். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறை வந்த பிறகு, சும்மா வைத்திருந்தால் உள்வரும் அழைப்பும் நின்றுபோகிறது. இணையமே தொடாத பெரியவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்தது. கேட்டு வாங்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் சான்றுகள் எல்லாம் சிக்னலையே காட்டுகின்றன. 198இல் புகார் செய்யும்போது ‘சிக்னல் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் செட்டை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். இடம், நேரம், அழைத்தவர் எண், அவர் கேட்ட அறிவிப்பு, அந்த மைனஸ் எண் ஆகியவற்றைச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டாலே போதும். அதுவும் இல்லையென்றால், உங்கள் வீட்டுக்குள் எந்தக் கம்பெனி எடுக்கிறது என்று அக்கம்பக்கத்துப் போன்களை வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும், 4 நாள் செல்லும். அதுவும் எஸ்.எம்.எஸ்.ஸாகத்தான் வரும் என்பதால், சந்தைக்கு இறங்கும் நாளாகப் பார்த்துக் கீழே நின்று அனுப்புங்கள்.