வலிக்கும் பாதமும் பொருந்தும் காலணியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாட்டின் எல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதையடுத்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. எல்லை பிரிந்ததாயினும் இருபுறத்து மக்களின் உழைப்பு ஒரு தன்மையதே.

பாலராமபுரத்து நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து தறியின் மிதிகளைக் காலால் அழுத்துகின்றனர். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுவோர் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடக்கின்றனர். துணிக்கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்று பணிபுரிகின்றனர். கடைப் பணியாளர் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. இத்தகைய உழைப்பாளருக்குப் பாதத்தில் வலி கண்டால் அன்றாடக் கூலியே தடைப்படும். ஆதலின் காலணியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இவை தட்டையாக அடுக்கப்படவில்லை; வில்போல் வளைந்து நிற்கின்றன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓர் உறுதியான நார்ப்பட்டை இவ்வளைவை இழுத்துப் பிடிக்கிறது. நிற்கும்போது உடலின் பாரம் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நடக்கும்போது வளைவு சிறிது தாழ்ந்து மீண்டும் எழுந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது.

வலி உண்டாகும் வகை

நெடுநேரம் கடினமான தரையில் நின்றால் மேற்கூறிய நார்ப்பட்டை குதிகாலில் பொருந்தும் இடத்தில் நோவுண்டாகிறது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துவதும், சில அடிகள் நடந்தபின் வலி குறைவதும் இதன் அடையாளம்.

குதி மிக உயர்ந்த காலணியை அணிந்தால் உடலின் பாரம் முன்பாதத்தின்மேல் சாய்கிறது. முனை குறுகிய காலணி விரல்களை நெருக்குகிறது. நாளடைவில் பெருவிரல் பக்கவாட்டில் சாயும். உராயும் இடத்தில் தோல் தடித்துக் கால் ஆணி தோன்றும். தேய்ந்து மெலிந்த ரப்பர்ச் செருப்பும் குற்றமற்றதன்று. அது நழுவாதிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைப் பற்றிக் கொள்ள வேண்டியிருக்கிறது, குதிகாலுக்கோ மெத்தையில்லை.

காலணியைத் தேர்ந்தெடுத்தல்

வகுப்பில் எளிதாகச் செய்து காட்டத்தக்க சோதனை ஒன்றுண்டு. மாணவர் ஒருவர் ஒரு தாளின்மேல் வெறுங்காலுடன் நிற்கட்டும். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைக. அக்கோட்டின்மேல் அவருடைய காலணியை வைத்துப் பார்த்தால், கோடு அடித்தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் இடமே பாதம் நெருக்கப்படும் இடம். இரண்டு பாதங்களையும் வரைதல் வேண்டும். ஒரு பாதம் மற்றதைவிடப் பெரிதாயிருத்தல் பலரிடம் காணப்படும். பெரிய பாதத்துக்கு ஏற்பவே காலணி வாங்குதல் முறை.

வாங்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க:

1. மாலை வேளையில் அணிந்து பார்க்க. பகலெல்லாம் உழைத்த பாதம் சிறிது பருத்திருக்கும்.
2. நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும்.
3. அடிப்பகுதி விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியலாகாது.
4. குதிகாலைத் தாங்கும் மெத்தையும், பின்வாரும் இருத்தல் நலம்.
5. கடையிலேயே சிறிது தூரம் நடந்து பார்க்க. அங்கே உறுத்தும் காலணி பின்னால் பழகிவிடும் என்று எண்ணுதல் தவறு.

அளவெண்ணை மட்டும் நம்புதல் போதாது. சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் ஆகியோரின் பாதத்தைவிடப் பொதுவாக அகன்றது என்பது அவ்வாய்வின் முடிவு. அயல்நாட்டு அளவுகளைத் தழுவிச் செய்த காலணி நீளத்தில் பொருந்தினும் அகலத்தில் நெருக்குவதன் காரணம் இதுவே. அகலம் வேண்டி மிக நீண்ட காலணியை வாங்கினால் பாதம் உள்ளே வழுக்கி உராயும்.

வலி அறியாத பாதம்

வலியுள்ள பாதத்தைவிட வலியை உணராத பாதமே பெரும் அபாயத்துக்கு உட்பட்டது. நெடுநாள் நீரிழிவும் தொழுநோயும் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் கெடுக்கும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப் புண்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சியற்ற பாதம் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டுக் காயமுறுவதாலேயே புண் உண்டாகிறது என்று அவர் விளக்கினார். வலி இல்லாமையால் நோயாளி நொண்டுவதில்லை. ஆகவே காயத்தின்மேலேயே நடக்கிறார்.

வேலூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இதற்கேற்ற காலணி பற்றிய பணி நடைபெற்றது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் மேலே; முள் தைக்காத கடின ரப்பர் கீழே; குதிகாலுக்குப் பின்வார். மென்மையான ரப்பர் அமுங்கி, ஓரிடத்தில் குவியும் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது. ஆணி எதுவும் அடிக்கலாகாது. உணர்ச்சியற்ற பாதத்தில் அது புகுந்தாலும் தெரியாது.

இத்தகையோர் தாமே கடையில் காலணி தேரும்போது பெரும்பாலும் இறுக்கமானதையே விரும்புவர். பொருத்தமான காலணி அவர்களுக்கு அணியாதது போலவே தோன்றும். ஆதலின் அவர்களுக்குத் தாள் சோதனையே துணை, உணர்வை நம்பலாகாது. நாள்தோறும் காலணியினுள் கையை விட்டுக் கல், முள் உண்டா என்று பார்ப்பதும், உள்ளங்காலைக் கண்ணாடியில் நோக்குவதும் பழக்கமாக வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் அறுத்தல் கூடாது.

தோற்றமும் மதிப்பும்

தோற்றத்தை விரும்புவோரை ஏளனம் செய்தல் களப்பணியாளருக்கு ஏற்றதன்று. பழைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய பல சாதியினருக்குக் குடை பிடித்தலும் செருப்பணிதலும் மறுக்கப்பட்டிருந்தன. மேலாடை உரிமைக்காக நிகழ்ந்த கலகம் நெய்யாற்றின்கரைப் பகுதியையும் தொட்டது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்ற அரசறிவிப்பு 1859இல் வந்தது. இத்தகைய மண்ணில் நல்ல செருப்பு வெறும் ஆடம்பரம் அன்று. அது மதிப்பின் அடையாளமும் ஆகும்.

தொழுநோயாளருக்கு அளித்த காலணியிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. அதன் தனித்த வடிவம் அணிந்தவரின் நோயை ஊருக்கு அறிவித்தது. எனவே சிலர் அதை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலுடன் வெளியே சென்றனர். அணியாத காலணி எவரையும் காப்பதில்லை. கடைச் செருப்பைப் போன்ற நிறத்திலும் வடிவிலும் செய்து கொடுப்பதே இதற்கு மாற்று. ஆகவே பொருத்தத்தை முதலில் உறுதி செய்து, பொருந்துவனவற்றுள் அழகியதைத் தேர விடுதல் தக்க வழியாகும். திருமணத்துக்குச் சில மணி நேரம் அணியும் காலணி வேறு, பணிக்கு நாள் முழுவதும் அணியும் காலணி வேறு என்று எடுத்துரைத்தால் மக்கள் எளிதில் ஏற்பர்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியோர்

பாதத்தில் மரமரப்பு உள்ளோர், ஆறாத புண் உள்ளோர், திடீரெனப் பாதம் வீங்கிச் சூடேறியோர், காலணியை மாற்றியும் சில வாரங்களில் வலி தணியாதோர் ஆகியோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. காலை முதல் அடியில் குதிகால் வலிப்பது ஏன்?
2. உணர்ச்சியற்ற பாதமுடையோர் இறுக்கமான காலணியை விரும்பக் காரணம் யாது?
3. உம் வகுப்பு மாணவரின் பாதங்களைத் தாளில் வரைந்து, எத்தனை பேரின் காலணி பாதத்தினும் குறுகியது எனக் கணக்கிடுக.