லோடு வண்டிக்கு டயர் மாற்றப் போகிறீர்களா?

காளவாசலில் டயர் விலை கேட்டு நின்றால், "கொஞ்சம் அகலமா போடுங்கண்ணே, வண்டி கெத்தா நிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். லோடு இழுக்கும் பிக்கப்புக்கு அந்தக் கெத்து வேண்டாம்.

1. கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். இரண்டு அளவுக்கு அனுமதி இருந்தால் குறுகலானதை எடுங்கள். ஐப்பசி மழையில் தேனி ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அகல டயர் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதக்கும். குறுகலான டயர் அதைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். லோடில் வண்டி அமுங்கினாலும் மட்கார்டில் உரசாது.

2. அளவை அடுத்துள்ள எண்ணைப் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. அகலம் குறையலாம், இது குறையக் கூடாது.

3. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 4025 என்றால் 2025-ன் 40-வது வாரத் தயாரிப்பு. சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிவிடும்.

4. காற்றைக் காலையில், வண்டி எடுக்கும்முன் பாருங்கள். ஓடிய டயர் சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும்.

5. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றுங்கள். சட்டப்படி அதுதான் எல்லை. கொடைக்கானலுக்கு லோடு அடிப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.