எண்பது கிலோ வீரர் மலையைக் கடந்த கணக்கு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘வேலை, ஆற்றல், திறன்’ பாடத்தைத் தொடங்கும்போது, சூத்திரங்களுக்கு முன் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். ஸ்பெயின் நாட்டு மிதிவண்டி வீரர் மிகேல் இந்துரைன் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 முறை டூர் டி பிரான்ஸ் பட்டம் வென்றார். அந்த 5 ஆண்டுகளில் ஒரு மலைக் கட்டத்தில்கூட அவர் முதலில் வந்ததில்லை. பிறகு எப்படி வென்றார்?

மூன்று வாரப் போட்டியில் எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, மொத்தத்தில் குறைவாக எடுத்தவருக்கே பட்டம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மற்றதை மாணவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

இந்துரைனின் நிறை சுமார் 80 கிலோ. மலையேற்றத்தில் பெயர் பெற்ற இத்தாலியின் மார்கோ பாண்டானி சுமார் 57 கிலோ. கணக்கு எளிதாக இருக்க மிதிவண்டிக்கு 10 கிலோ சேர்த்துக்கொள்வோம். ஆல்ப்ஸ் மலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துயெஸ் சாலையின் ஏற்றம் ஏறத்தாழ 1,100 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், இந்துரைன் செய்ய வேண்டிய வேலை 9,90,000 ஜூல்; பாண்டானிக்கு 7,37,000 ஜூல். மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும் இந்த வேலை மாறாது. மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் இது. இங்கே சற்று நிற்க வேண்டும். நேரம் நுழைவது திறனில்தான். 40 நிமிடத்தில் ஏற இந்துரைனுக்கு 412 வாட் வேண்டும், பாண்டானிக்கு 307 வாட் போதும்.

(அக்காலப் பந்தயங்களில் ஊக்கமருந்துப் பழக்கம் பரவியிருந்ததால், வீரர்கள் மலையேறிய நேரங்களைச் சாதனையாக நான் வகுப்பில் காட்டுவதில்லை. நமக்கு வேண்டியது நிறை மட்டுமே.)

அடுத்த கேள்வி: இந்துரைனால் 390 வாட்தான் தர முடிந்தால்? நேரம் 42 நிமிடம் 18 விநாடி. இழப்பு இரண்டே கால் நிமிடம்தான். இப்போது 1992 லக்சம்பர்க் தனிநபர் நேரப் பந்தயத்தைச் சொல்கிறேன். 65 கி.மீ. தூரத்தில் இரண்டாவதாக வந்தவரைவிட அவர் 3 நிமிடம் முன்னால் இருந்தார். வகுப்பில் யாராவது ஒருவர் “அப்போ மலையில தோத்தாலும் பரவாயில்லையா சார்?” என்று கேட்டுவிடுவார். விடை பாதி வந்துவிட்டது.

சமதளத்தில் பெரிய உடலுக்கு ஏன் சாதகம்? இதற்கு எட்டுச் சிறு கனசதுரங்கள் போதும். அவற்றை அடுக்கி ஒரே பெரிய கனசதுரமாக்கினால் நிறை 8 மடங்கு, முன்முகப் பரப்பு 4 மடங்கு. சமதளத்தில் முக்கிய எதிரி காற்றின் தடை. அது பரப்பைச் சார்ந்தது. மலையிலோ நிறை முழுவதையும் தூக்க வேண்டும்.

மலையில் இழப்பைச் சுருக்கும் வழியும் இயற்பியல்தான். இலகுவானவர்கள் திடீரெனப் பாய்வார்கள், தணிவார்கள், மறுபடி பாய்வார்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கூடவே ஓடினால் கனமான உடல் ஒவ்வொரு முறையும் கூடுதல் இயக்க ஆற்றல் தர வேண்டும். தசையும் சீக்கிரம் சோரும். இந்துரைன் இருக்கையில் அமர்ந்து ஒரே சீரான திறனில் மிதிப்பார். 1992இல் செஸ்ட்ரியேர் மலைக்குக் கிளாடியோ கியாபூச்சி நெடுந்தூரம் தனியே பாய்ந்து சென்று வென்றார். இந்துரைன் 1 நிமிடம் 45 விநாடி பிந்தி வந்தார். ஆனால் மொத்த நேரத்தில் முதலிடம் பெற்று மஞ்சள் சட்டையை அன்றுதான் அணிந்தார்!

நேரம் இருந்தால் உயிரியலையும் சேர்க்கலாம். தசை, உணவின் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. எனவே அந்த 9,90,000 ஜூலுக்கு ஏறக்குறைய 40 லட்சம் ஜூல், அதாவது 950 கிலோ கலோரி செலவாகும், அதுவும் ஒரே ஏற்றத்திற்கு. 1996இல் லேசார்க் மலையேற்றத்தில் இந்துரைன் வலுவிழந்து பல நிமிடங்களை இழந்தார். அந்த ஆண்டு அவருக்கு 11ஆவது இடம். அன்றைய கட்டத்தில் மூன்று பெரிய ஏற்றங்கள் இருந்ததாகக் கொண்டு, ஒருவர் வழியில் எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை வீட்டுக் கணக்காகக் கொடுக்கிறேன்.